கோபம் வராத விஸ்கி

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்காள் நான் வேலை செய்யும் கடைக்கு வந்தாள். ஜோகூர் பாருவில் ஒரு கடைவரிசையின் கடைசியில் இருக்கும் மதுக்கடை அது. பியரும் ஒயினும் உண்டு என்றாலும் பாதிக்கு மேல் விஸ்கிதான். அக்காள் அதுவரை அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. துப்பட்டாவை இடது கன்னத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அலமாரிகளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"இதுல, குடிச்சா கோபம் வராத விஸ்கி எதுடி?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. துப்பட்டாவுக்குக் கீழே கன்னம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. கண்ணின் வெள்ளையில் ரத்தம் திட்டாக உறைந்திருந்தது. முகப்பவுடரை அள்ளிப் பூசியிருந்தாள். வியர்வையில் அது வழிந்து கோடுகோடாக நின்றது.

நாங்கள் பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அப்பா போன பிறகு அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு கூலாய்க்கு வந்தார். அக்காளுக்கு அங்கேதான் கல்யாணம் ஆனது. அவள் அங்கேயே தங்கிவிட, அம்மாவும் நானும் பிறகு ஜோகூர் பாருவுக்கு மாறினோம். அத்தான் செடெனாக் பக்கத்துக்காரர். பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நெடிய ஆள், அதிகம் பேசமாட்டார், அம்மாவைப் பார்த்தால் எழுந்து நின்று "அத்தை" என்பார். கோயில் அன்னதானத்தில் பெரிய அண்டாவைத் தனியாளாகத் தூக்கி வைப்பவர் அவர்தான். அக்காள் அடி வாங்குகிறாள் என்று யாரிடமாவது சொன்னால், முதலில் அவர்கள் என் முகத்தைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

அவர் குடித்தது ரோட்டோர ஒட்டுக்கடைகளில் விற்கும் சின்னப் போத்தல் சரக்கு. மேலே விஸ்கி என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது பார்லியைக் கண்ணாலும் கண்டிராத வெறும் சாராயம். அதில் நிறத்தையும் மணத்தையும் கலந்து அடைத்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் அதைச் சம்சு என்றே சொல்வார்கள். அம்மாவுக்கு ஒரே நம்பிக்கை. சம்சு மூளையைத் தின்றுவிடும், நல்ல சரக்கு குடிக்கிற ஆம்பளை கைநீட்டமாட்டான் என்பார். எங்கள் அப்பாவும் அதே சம்சுவைத்தான் ஆயுசு முழுக்கக் குடித்தார். குடித்துவிட்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்து, நாயின் காதைத் தடவிக்கொண்டே தூங்கிப் போவார். ஒருநாளும் யார் மேலும் கை வைத்ததில்லை. அதைச் சொன்னால் அம்மா, அந்தக் காலத்துச் சரக்கு வேறு என்று முடித்துவிடுவார். நாங்களும் அதற்கு மேல் யோசித்ததில்லை.

அத்தான் அடித்ததை நான் கண்ணால் பார்த்த முதல் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையில் சோறு ஆவி பறக்க இருந்தது. மீன் குழம்பில் புளி தூக்கலாக இருக்கிறது என்றார். அக்காள், அடுத்த தடவை குறைத்துப் போடுகிறேன் என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவர் எழுந்து போய் வாசலில் மாட்டியிருந்த மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டை எடுத்து வந்தார். ஏதோ வெளியே கிளம்புகிறார் என்று நினைத்தேன். அதன் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு அக்காளின் தோளில் அடித்தார், பிறகு முதுகில், பிறகு குனிந்த தலையில், இடது கன்னத்தோடு சேர்த்து. ஒவ்வொரு அடிக்கும் ஒரு மந்தமான சத்தம். அக்காள் கத்தவில்லை. தட்டில் இருந்த சோற்றின் மேல் முகத்தைக் கவிழ்த்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். அவர்களுடைய மகள் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒன்பது வயதுப் பிள்ளை அதைப் பழக்கம் போலச் செய்ததுதான் என்னை அந்த அடிகளைவிட அதிகமாக உலுக்கியது.

அதன் பிறகுதான் அக்காள் கடைக்கு வந்தாள்.

அப்படி ஒரு விஸ்கி இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. விஸ்கிக் கம்பெனிக்காரர்கள் கடைக்கு வந்து எங்களுக்கு வகுப்பு எடுப்பார்கள் என்று எப்போதோ அவளிடம் சொல்லியிருந்தேன். அதை ஞாபகம் வைத்திருந்தாள். காய்ச்சலுக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று என்று மருந்து இருப்பதைப் போல, இத்தனை போத்தல்களில் ஒன்று அவள் புருஷனுக்குச் சரிப்பட்டு வரும் என்று நினைத்தாள். அவள் நின்ற நிலையைப் பார்த்தபோது அதை நானும் நம்ப விரும்பினேன்.

முதலில் ஸ்காட்லாந்துக் கலவை விஸ்கி ஒன்றைக் கொடுத்தேன். பல வடிசாலைகளின் பார்லிச் சரக்கையும், கோதுமை, சோளம் போன்ற தானியங்களில் எடுத்த லேசான சரக்கையும் கலந்து செய்வது அது. மூன்று வருடமாவது ஓக் மரப் பீப்பாயில் கிடந்தால்தான் அதற்கு ஸ்காட்ச் என்று பேர். எதுவும் துருத்தாது. நாக்கில் தேன் மாதிரி இறங்கி, தொண்டையில் கொஞ்சம் சுட்டுவிட்டுப் போய்விடும். கல்யாண வீடுகளுக்கு அதைத்தான் பெட்டி பெட்டியாக வாங்குவார்கள். அக்காள் அதைத் துணிப்பையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

இரண்டு வாரம் வீடு அமைதியாக இருந்தது. தினமும் போன் செய்து, இன்று அவர் சாப்பிட்டார், தூங்கினார், மகளோடு டிவி பார்த்தார் என்று ஒப்பித்தாள். அம்மா, நான் சொன்னேன் பார்த்தாயா என்றார். அடுத்த வாரம் அக்காள் போன் செய்யவில்லை. நான் போய்ப் பார்த்தேன். தோசைக்கல்லின் விளிம்பு அவள் முன்கையில் அரைவட்டமாகப் பதிந்து, தோல் உரிந்து, நீர் கோத்திருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்ததாம், அவள் எடுக்க வரவில்லையாம். அத்தான் வந்து அவள் கையைப் பிடித்துச் சூடான கல்லில் வைத்தாராம்.

"ஒருவேள இது அவருக்கு ஒத்துக்கலையோ என்னமோ," என்றாள். "வேற இருக்கா?"

இருந்தது. அயர்லாந்து விஸ்கியைப் பற்றி வகுப்பில், பெரும்பாலும் மூன்று முறை வடிப்பார்கள், அதனால் மென்மையாக இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மென்மை என்ற வார்த்தையைக் கேட்டதும் அக்காளின் முகம் மாறியது. அதை வாங்கிப் போனாள். அந்த மென்மையான சரக்கைக் குடித்த ஒரு சாயங்காலம் அவர் அவளுடைய தலைமுடியைப் பிடித்து, கூடத்திலிருந்து வாசல் கேட் வரைக்கும் தரையோடு இழுத்து வந்தார். எதிர்வீட்டு மலாய்க் குடும்பம் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஹோஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டு அவர் மட்டும் வேலியருகே வந்து சத்தம் போட்டார். அத்தான் அவரைப் பார்த்துக் கைகூப்பி, குடும்ப விஷயம், மன்னியுங்கள் என்று மலாயில் மரியாதையாகச் சொல்லிவிட்டு, அக்காளைத் திரும்ப உள்ளே இழுத்துப் போனார்.

பிறகு அமெரிக்க போர்பன் வந்தது. அது பெரும்பாலும் சோளத்தில் செய்வது. உட்புறம் கரியாகச் சுட்ட புத்தம்புது பீப்பாயில் வைப்பதால், திறந்ததும் வெனிலாவும் சீனிப்பாகும் மணக்கும். அக்காளுக்கு அந்த மணம் பிடித்திருந்தது. பாயசம் மாதிரி இருக்கிறதே என்றாள். அந்தப் போத்தல் தீர்வதற்குள் அவளுடைய கடைவாய்ப் பல் ஒன்று போனது.

இதற்கிடையில் அத்தான் விஸ்கியில் ருசி கண்டுவிட்டார். சின்னப் போத்தலைத் தொடுவதே இல்லை. சிங்கிள் மால்ட் என்றால் ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் எடுப்பது என்று நான் அக்காளிடம் சொன்னதை அவள் வழியாகக் கேட்டு வைத்துக்கொண்டு, கோயில் கமிட்டி நண்பர்களுக்கு விளக்கம் சொன்னார். ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் வைத்த விஸ்கியை அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்து, உலர்ந்த திராட்சை வாசனை தெரிகிறதா, பிளம் கேக் வாசனை தெரிகிறதா என்று கேட்பார். கிளாஸைச் சுழற்றி, அதன் சுவரில் வழியும் எண்ணெய் போன்ற கோடுகளைக் காட்டுவார். அவர்கள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். அக்காள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அவர்களுக்குக் கோழி வறுவல் எடுத்து வருவாள்.

புகை மணக்கும் விஸ்கி ஒன்று இருக்கிறதாமே, அதைக் கொண்டு வா என்று அவரே எனக்கு வாட்ஸாப்பில் செய்தி அனுப்பினார். கொண்டு போகாவிட்டால் அதற்கும் அவளைத்தான் அடிப்பார். ஒரு ஞாயிறு காலை எடுத்துப் போனேன். ஸ்காட்லாந்தின் தீவுகளில் சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து, அதை எரித்த புகையில் பார்லியை உலர்த்துவார்கள். அந்தப் புகை கடைசி வரைக்கும் சரக்கில் தங்கிவிடும். முதன்முறை அதை முகர்ந்தபோது எனக்கு எங்கள் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகைபோடும் கொட்டகைதான் ஞாபகம் வந்தது.

அத்தானுக்கும் அதுதான் ஞாபகம் வந்தது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் இருந்த சதையெல்லாம் கீழே இறங்கியது போல இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்கப்பன் புகைக் கொட்டகையிலதான் வேல செஞ்சான்," என்றார். "எதாச்சும் தப்பு பண்ணிட்டா என்னை உள்ள தள்ளி வெளிய பூட்டிடுவான். வாந்தி எடுத்து மயக்கம் போட்டாதான் கதவத் தொறப்பான்."

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. குரல் சின்னப் பையனுடையது போல ஒடுங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற அக்காள் அவர் தோளில் கையை வைத்தாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"என்னைப் பாத்துப் பாவப்படறியா?"

கையில் இருந்த கிளாஸாலேயே அடித்தார். அடிப்பாகம் தடித்த கனமான கிளாஸ். அவளுடைய புருவம் பிளந்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. புகை மணக்கும் விஸ்கி அந்தக் காயத்தின் மேலேயே கொட்டியது. அவள் துடித்துக் கீழே விழுந்தாள். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். முழங்கையை வீசினார், என் உதடு பல்லில் குத்திக் கிழிந்தது. பிறகு அவர் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிளினிக்கில் அக்காள் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். டாக்டர் என் உதட்டையும் பார்த்தார். நீங்களும் அதே குளியலறையிலா என்று கேட்டார்.

அந்த வருடம் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக அத்தான் விரதம் இருக்கத் தொடங்கினார். யாரும் சொல்லவில்லை, அவரே எடுத்த முடிவு. வீட்டில் இருந்த போத்தல்களை எல்லாம் திறந்து கழுவுதொட்டியில் கவிழ்த்தார். காலி போத்தல்களைக் குப்பை லாரிக்காரர்களே கேட்டு வாங்கிப் போனார்களாம். கவிச்சி இல்லை, பாயில் படுக்கை, விடிகாலைக் குளியல், சாயங்காலம் கோயில். அம்மா எங்கள் வீட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். அக்காள் போனில் பேசும்போது இடையிடையே சிரித்தாள். அவள் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது. விஸ்கி போனது, சனியன் விட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி.

எனக்கு ஓய்வு கிடைத்த ஒரு நாள் காலை, பால்குடத்துக்கு வேண்டிய சாமான்களோடு அம்மாவும் நானும் கூலாய்க்குப் போனோம். கேட்டைத் திறக்கும்போதே பாத்திரங்கள் விழும் சத்தம் கேட்டது. பக்கவாட்டு வழியாகச் சமையலறைக்கு ஓடினோம். அத்தான் அக்காளுடைய வலது கையை முதுகுப்புறமாக முறுக்கி, கழுவுதொட்டியின் விளிம்பில் அழுத்திக்கொண்டிருந்தார். நாங்கள் கதவருகே வரவும் அது ஒடிந்தது. காய்ந்த மரவள்ளிக் குச்சியை முழங்காலில் வைத்து ஒடிக்கும்போது வருமே, அந்தச் சத்தம். அக்காள் வாய் திறந்தது. சத்தம் வெளியே வரவில்லை. அவர் அவள் பிடரியைப் பிடித்து நெற்றியைக் குழாயில் ஒருமுறை இடித்துவிட்டுக் கையை விட்டார். அவள் தரையில் சரிந்தாள். முட்டை பொரித்த சட்டியில் அவருடைய சாம்பாரைச் சூடு பண்ணிவிட்டாளாம்.

அவர் மஞ்சள் வேட்டி கட்டியிருந்தார். நெற்றியில் திருநீறு ஈரம் காயாமல் இருந்தது. மூச்சுக்கூட வாங்கவில்லை.

அம்மா கையில் இருந்த பையைப் போட்டுவிட்டு, "மறுபடியும் குடிச்சிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

"ஒரு சொட்டு தொடல அத்தை," என்றார் அவர். அவருக்கு அந்தக் கேள்வி அவமானமாக இருந்தது. "வேணும்னா வாய மோந்து பாருங்க."

அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து ஊதினார். எனக்கும் அந்த மூச்சு பட்டது. போத்தல்களை முகர்ந்து பழகிய மூக்கு என்னுடையது. கிராம்பும் துளசியும் மட்டும்தான் இருந்தன.

அக்காள் தரையில் கிடந்தபடியே அவரைப் பார்த்தாள். கண்ணை இமைக்காமல், எதையோ முதன்முதலாகப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றாள். "அவரு குடிக்கல."

வாடகைக் காரில் மருத்துவமனைக்குப் போகும்போது அவளுடைய ஒடிந்த கையை என் மடியில் துண்டுமேல் வைத்திருந்தேன். கார் குலுங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள். பாதி வழியில், இத்தனை வருடமும் போத்தலைப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருந்தேன் என்றாள். அவள் ஆத்திரப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். மருத்துவமனையில் இந்த முறை குளியலறைக் கதை சொல்லவில்லை. அங்கேயே ஒரு போலீஸ்காரப் பெண் வந்து விசாரித்தார். 'மாபோக்?' என்று கேட்டார், போதையில் இருந்தாரா என்று. அக்காள் இல்லை என்றாள். அந்தப் பெண்ணுக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடியும் நிறுத்தி நிதானமாக, 'தா மினும்', குடிக்கவில்லை என்று சொன்னாள்.

கைக்குக் கட்டுப் போட்டதும் மகளையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜோகூர் பாருவில் நாங்கள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடி வீட்டில் ஒரே அறை. நான்கு பேரும் அதிலேயே படுத்தோம். போலீசார் அத்தானை அழைத்து விசாரித்துவிட்டு ஜாமீனில் அனுப்பிவிட்டார்கள். கோயில் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் சமாதானம் பேச வந்தார்கள். அவர் இப்போது குடிப்பதே இல்லையே, ஒரு வாய்ப்புக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டார்கள். அக்காள் பாதி திறந்த கதவைப் பிடித்துக்கொண்டே, முடியாது என்று சொல்லி அனுப்பினாள்.

தனியாக இருக்கப் பயந்ததால் மத்தியானங்களில் அக்காள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிடுவாள். முதலாளியம்மா அறுபது வயதுச் சீனப் பெண். கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தார். அப்படி ஒரு மத்தியானம், நாங்கள் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தபோது, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அத்தான் வந்தார். துறைமுகச் சீருடை, கையில் ஹெல்மெட்.

"வீட்டுக்கு வா," என்றார். குரல் உயரவில்லை.

"வரமாட்டேன்," என்றாள் அக்காள்.

அவர் தலையை ஆட்டினார், அது நியாயமான பதில்தான் என்பதுபோல. பிறகு ஹெல்மெட்டைச் சுழற்றிப் பக்கத்து அலமாரியில் அடித்தார். அயர்லாந்துப் போத்தல்கள் வரிசையாகக் கீழே விழுந்தன. அடுத்த அடியில் போர்பன். அதற்கும் அடுத்து, நாங்கள் மஞ்சள் விளக்குப் போட்டு வைத்திருந்த ஷெர்ரி பீப்பாய் மால்ட்டுகள். கண்ணாடிச் சில்லுகள் தெறித்து என் கழுத்தில் குத்தின. தரை முழுக்க விஸ்கி ஓடியது. திராட்சையும் வெனிலாவும் புகையும் தேனும் ஒன்றாகக் கலந்து, கடைசியில் கண்ணை எரிக்கும் ஒரே சாராய நெடியாக எழுந்தது.

நான் அவர் குறுக்கே போனேன். அவ்வளவு நெருக்கத்திலும் அவருடைய மூச்சில் டீத்தண்ணி வாசனைதான். என்னைக் கழுத்தோடு பிடித்துப் பியர் பெட்டிகளின் மேல் எறிந்தார். விலாவில் ஏதோ இடம் மாறியது, மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. முதலாளியம்மா ஷட்டர் இழுக்கும் இரும்புக் கொக்கியால் அவர் முதுகில் அடித்தார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் போய், கட்டுப் போட்டிருந்த கையைத் தேடிப் பிடித்தார். அதையே முறுக்கினார். அப்போது அக்காள் போட்ட அலறலில் எதிர்க்கடைக்காரர்கள் வெளியே ஓடி வந்தார்கள்.

கல்லா மேசையில் பில் போடுவதற்காக எடுத்து வைத்த ஒரு போத்தல் இருந்தது. குட்டையான, சதுரமான ஜப்பான் விஸ்கிப் போத்தல். கண்ணாடி தடிமனாக இருக்கும். அக்காள் இடது கையால் அதன் கழுத்தைப் பிடித்து, அவர் காதுக்கு மேலே அடித்தாள். சினிமாவில் போத்தல் தூள் தூளாகும். இது உடையவில்லை. அடி முழுவதும் எலும்புக்குள் போனது. அவர் பிடி தளர்ந்து, சில்லுகளின் மேலேயே முழங்காலிட்டார். அக்காள் மறுபடியும் ஓங்கி அவர் தாடையில் அடித்தாள். பல்லும் ரத்தமுமாகத் தரையில் விழுந்தன. மூன்றாவது முறை ஓங்கியபோது அவர் இரண்டு கைகளையும் தூக்கித் தலையை மூடிக்கொண்டு குனிந்தார்.

அக்காள் அந்தக் கைகளைப் பார்த்தாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. போத்தலை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். போலீஸ் வரும் வரைக்கும் அங்கிருந்து எழவில்லை. அவர் தரையில் விஸ்கிக் குட்டைக்குள் கிடந்து, வலிக்கிறது, வலிக்கிறது என்று முனகினார்.

எனக்கு விலா எலும்பில் விரிசல். அக்காளுக்கு ஒட்டத் தொடங்கியிருந்த எலும்பு மறுபடியும் விலகி, உள்ளே தகடு வைக்க வேண்டியதாயிற்று. அத்தானுக்குத் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். போலீஸ் அக்காளையும் விசாரித்தது. கடைக் கேமரா எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்ததால் அவள் மேல் வழக்குப் போடவில்லை.

வழக்கு விசாரணைக்கு வர மாதக்கணக்கில் ஆனது. நீதிமன்றத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருடைய வழக்கறிஞர் எழுந்து, என் கட்சிக்காரர் நல்ல மனிதர், கோயில் தொண்டர், குடிப்பழக்கம் அவரை இப்படி ஆக்கிவிட்டது, சம்பவத்தன்றும் அவர் போதையில் இருந்தார், சிகிச்சை எடுக்கத் தயாராக இருக்கிறார் என்று சொல்லித் தண்டனையைக் குறைக்கக் கேட்டார். கம்பி எடுத்த தாடை ஒரு பக்கம் கோணியிருக்க, அத்தான் தலைகுனிந்து நின்றார். என் பக்கத்தில் இருந்த அக்காளுக்கு மூச்சு வேகமாக வந்தது. எழுந்துவிடுவாளோ என்று அவள் முழங்காலில் கை வைத்தேன்.

"பொய் சொல்றாங்க," என்றாள் என் காதருகே. "குடி மேல பழிய போடறாங்க."

சில மாதம் சிறையும், அவளை நெருங்கக் கூடாது என்ற உத்தரவும் கிடைத்தது. குறைச்சல்தான் என்று வெளியே வந்ததும் அம்மா அழுதார். குடி குடியைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள் என்று ஆரம்பித்தார். அக்காள் நடுவழியில் நின்று, அம்மா இனிமேல் என் முன்னால் அதைச் சொல்லாதீர்கள் என்றாள். அம்மா அதன் பிறகு சொல்லவில்லை. மனசுக்குள் இன்னும் அதைத்தான் நம்புகிறார் என்று எனக்குத் தெரியும்.

நான் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறேன். உங்கள் வீட்டில் அத்தனை நடந்த பிறகும் எப்படி இதை விற்கிறாய் என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். அன்று கடைத் தரையைக் கழுவி முடிக்க இரண்டு நாள் ஆனது. பலகை இடுக்குகளில் நெடி வெகுகாலம் நின்றது. புது அலமாரி வந்ததும் போத்தல்களை நானேதான் அடுக்கினேன். அதில் எனக்கு வெறுப்பு எதுவும் வரவில்லை. ஹெல்மெட்டோடு யாராவது கடைக்குள் நுழைந்தால்தான் கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன். அது இன்னும் போகவில்லை.

அக்காள் விவாகரத்து வாங்கிவிட்டாள். செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை. வலது கை முழுதாக நீளாது. அரிசி மூட்டையை இடது பக்கம்தான் தூக்குவாள். மகள் இடைநிலைப் பள்ளிக்குப் போகிறாள். யாராவது குரலை உயர்த்திப் பேசினால் இன்னும் தட்டைக் கையில் எடுத்துக்கொள்கிறாள்.

போன மாதம் கூலாய் சந்தையில் அத்தானைப் பார்த்தேன். மீன் வாங்கிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார், முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பழைய மரியாதை மாறாமல், நன்றாக இருக்கிறாயா, அத்தை சுகமா என்று விசாரித்தார். நான் மீன் பலகையின் மறுபக்கத்துக்கு நகர்ந்தேன். பதில் சொன்னேனா என்பதுகூட ஞாபகமில்லை. அவர் போன பிறகு மீன் விற்கும் அம்மாள், அந்த மனுஷன் குடியை அடியோடு விட்டுவிட்டார், தங்கமாகத் திருந்திவிட்டார் என்று என்னிடம் புகழ்ந்தார்.

அன்று அக்காள் வீட்டுக்குப் போனபோது அதைச் சொன்னேன். அவள் தரையில் தாள் விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"கூட யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"தனியாத்தான் இருக்காராம்."

"அப்ப சரி," என்றாள். நானும் உட்கார்ந்து ஒரு பிடி நெத்திலியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.